பிரசவ அறையில் சொன்னது

அவள் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சோற்றில் கை வைத்திருப்பேன். வாய்ச்சண்டையில் என்னை ஜெயித்தவர்கள் உத்திரமேரூர் வட்டத்திலேயே கிடையாது. சந்தேகம் இருந்தால் என் மாமியாரைக் கேளுங்கள். ஆனால் அவள் சண்டைக்கே வரமாட்டாள். நாம் சொன்னதை நமக்கே திருப்பிச் சொல்வாள். ஒரு சொல் கூட்டமாட்டாள், ஒரு சொல் குறைக்கமாட்டாள். நாம் எந்த இழுவையில் சொன்னோமோ அதே இழுவை. சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நின்றுகொண்டே இருப்பாள்.

பேர் சொல்லமாட்டேன். சொன்னால் எப்படியோ கேள்விப்பட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, "என்னப் பத்தி இன்னா சொன்னீங்கோ நர்ஸம்மா, அப்பிடியே சொல்லுங்கோ பாப்போம்" என்பாள். நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு மைல் தள்ளி, ஏரிக்கரைக்குப் பின்பக்கம், இருளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே இருந்தவள். நடவுக்குப் போவாள், களை எடுப்பாள், வேலை இல்லாத நாளில் நெல் மண்டியில் சிந்தினதைக் கூட்டி அள்ளுவாள். ஒல்லி உடம்பு, என் தோள் உயரம்தான். என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காதில் விழுந்த ஒன்றையும் விடமாட்டாள். "எப்படிடி இத்தனையும் ஞாபகம் வெச்சிருக்க?" என்று பின்னாளில் ஒரு தடவை கேட்டேன். "எங்களுக்கு யாரு நர்ஸம்மா எழுதிக் குடுக்கறா? காதுல வாங்கி வெச்சாத்தான் உண்டு" என்றாள்.

ரேஷன் கடையில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். அன்றைக்கு நானும் வரிசையில் இருந்தேன். அரிசி வரவில்லை என்று கடைக்காரர் எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தார். இவள் எப்போது வரும் என்று இரண்டாம் தடவை கேட்டுவிட்டாள். அவருக்கு வந்ததே கோபம். "வந்தா உன் வூட்டுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிறேன், போ!" என்றார். போய்விட்டாள். பத்து நாள் கழித்து அரிசி வந்தது. கூட்டம் அலைமோதுகிறது. இவள் மட்டும் வரிசையில் நிற்காமல் கடை வாசலில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். "ஏம்மா, இன்னா உக்காந்துனு கீற?" என்று கடைக்காரர் கேட்டார். "வந்தா உன் வூட்டுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிறேன், போ!" என்று அவர் குரலிலேயே சொன்னாள். சொல்லிவிட்டு, "அழைப்பீங்கோன்னு பாத்துக்கினு கீறேன் சார்" என்றாள். வரிசையே சிரித்தது. மனுஷன் முகம் சுண்டிப்போய், முதல் எடை அவளுக்குத்தான் போட்டார்.

நானும் அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தேன். ஊரான் முதுகில் விழுந்த அடி, எனக்கென்ன.

இப்போது என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் காவாந்தண்டலத்துக்காரி. நிலம் நீச்சு உள்ள குடும்பம். நர்ஸ் படிப்பு முடித்து, பிரசவ அறையிலேயே என் வயசில் பாதி போயிற்று. நல்ல வேலைக்காரி என்று பேர். எப்பேர்ப்பட்ட சிக்கலான பிரசவமானாலும் என் கை நடுங்காது. வாய்தான் கொஞ்சம். கொஞ்சமென்ன, நிறையவே. இரண்டு கட்டில், ஒரு நர்ஸ், வெளியே தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகளின் அழுகை, ஓயாமல் அடிக்கும் போன். இதற்கு நடுவில் ஒருத்தி "ஐயோ அம்மா" என்று கத்தினால் எனக்கு மண்டைக்கு ஏறிவிடும். கையில் இருக்கிற கத்தரியால் இரும்புத் தட்டில் இரண்டு தட்டு தட்டுவேன். டொக், டொக். அப்புறம் அந்த வசனம்: "புருஷன்கூட இருக்கச்ச இனிச்சுது, இப்ப மட்டும் கசக்குதா? வாய மூடு. ம்ம்?" எனக்கு இதை ஒரு மூத்த சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. தொடையில் ஒரு அடியும் வைப்பதுண்டு. அடித்தால் முக்குவார்கள் என்று ஒரு நம்பிக்கை. இதை எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஊர்ப்பெண்கள் கத்துவார்கள், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள், மறுபடியும் கத்துவார்கள். ஏரிக்கரைப் பெண்கள் கத்தமாட்டார்கள். வருவார்கள், ஏறிப் படுப்பார்கள், சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வார்கள். "பாரு, இதுங்கதான் சமத்து. சத்தமே இல்லாம பெத்துக்கினு போயிடுதுங்க" என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவளிடம் காட்டுவேன். அவர்களுக்கு வலி குறைச்சல், காட்டிலும் மேட்டிலும் வேலை செய்த உடம்பு என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். படித்தவர்கள் நாங்கள், பேசிக்கொண்டோம்! முதல் முதலில் அங்கிருந்து வந்த பெண்கள் நன்றாகவே கத்தியிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டு போனதைக் குடியிருப்பில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவ்வளவுதான் விஷயம். இது எனக்குப் புரிய ஒரு உயிர் போகப் பார்த்தது.

அது அவள் உயிர்.

மூன்றாவது பிரசவத்துக்கு வந்தாள். காலை பத்து மணி இருக்கும். சோதித்துப் பார்த்தேன், இன்னும் நேரம் இருந்தது. அன்றைக்கு ஊசி போடும் நாள், கர்ப்பிணிகள் பார்க்கிற நாள், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. இன்னொரு கட்டிலில் ஒரு தலைச்சன் பிரசவக்காரி கூரை பிய்ந்துபோகிற மாதிரி அலறிக்கொண்டிருந்தாள். எங்கள் அளவுகோல் சத்தம்தான். அதிகம் கத்துகிறவளுக்கு நேரம் நெருங்கிவிட்டது, கத்தாதவளுக்கு நேரம் இருக்கிறது. இவள் ஒரு சத்தமும் போடாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து, "நர்ஸம்மா, வந்துரும் போல கீது" என்று மெதுவாகச் சொன்னாள். திரும்பவும் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். கையுறையை மாட்டினால் முடிந்தது, இரண்டு நிமிஷ வேலை. நான் என்ன செய்தேன்? முகத்தைப் பார்த்தேன். "வர மாதிரியா இருக்கு உன் மூஞ்சி? சத்தமே இல்ல. போய் வராண்டாவுல நடந்துட்டு வா" என்றேன். கட்டிலும் எனக்கு வேண்டியிருந்தது.

போனாள். சொன்னபடி நடந்தாள். இரண்டாவது நடையிலேயே, எடை பார்க்கிற மிஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சீட்டு வாங்க நின்ற ஒரு அம்மாதான் அலறியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது குழந்தை அவள் சேலையில் கிடந்தது. பெண் குழந்தை. குழந்தை நன்றாக அழுதது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டேன், வயிற்றை அழுத்திப் பிசைந்தேன், ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. காலில் செருப்பு இல்லாதது இறங்கும்போதுதான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன். பிரசவம் நடந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? வராண்டா என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும். "வரும் வழியில் பிரசவம்" என்று எழுதினேன். பெரிய பொய் என்று அப்போது தோன்றவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தேன்.

அந்த ஒரு வரி என்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. கிராம சுகாதார நர்ஸ் குடியிருப்புக்கே போய், "நேரத்துக்கு வரத் தெரியாதா உங்களுக்கு? வழியில பெத்துக்கினு ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேரு வாங்கித் தரீங்க" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை, அவர் பதிவேட்டைப் பார்த்தார். இவள் அதைக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டாள் என்றால், உங்களுக்குத்தான் இப்போது தெரியுமே, வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்து மே தினக் கிராம சபை வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நான் ஊராட்சித் தலைவருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு, குடிதண்ணீர், நூறு நாள் வேலை எல்லாம் முடிந்து எழப்போகிற நேரத்தில் இவள் எழுந்து வந்தாள். கைக்குழந்தை இடுப்பில். மைக்கை வாங்கினாள். விரல் முட்டியால் மைக்கில் இரண்டு தட்டு தட்டினாள். டொக், டொக்.

எனக்கு மோர் தொண்டையில் நின்றுவிட்டது.

"புருஷன்கூட இருக்கச்ச இனிச்சுது, இப்ப மட்டும் கசக்குதா? வாய மூடு. ம்ம்?"

என் குரல். என் இழுவை. கடைசி "ம்ம்" வரைக்கும் என்னுடையது. பின்வரிசையில் ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பாதிப்பேர் என் கட்டிலில் படுத்து எழுந்தவர்கள்தானே, தட்டின தட்டிலேயே தெரிந்துவிட்டது. அவர்கள் சிரிக்காததைப் பார்த்து ஆண்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

"இது பிரசவ ரூம்ல சொன்னது. யாரு சொன்னாங்கோன்னு நான் சொல்ல வரல. 'வர மாதிரியா இருக்கு உன் மூஞ்சி? சத்தமே இல்ல. போய் வராண்டாவுல நடந்துட்டு வா.' இதுவும் அங்க சொன்னதுதான். என் பொண்ணு அந்த வராண்டாவுலதான் பொறந்தா. வழியில பொறந்ததா எழுதிக் கீது. அத மாத்தணும். இன்னொண்ணு, வலி எடுக்கச்ச எங்க பொம்பளைங்க கூட ஒருத்தி நிக்கணும். இது ரெண்டும் தீர்மானத்துல எழுதுங்கோ. சொன்ன வார்த்தையவும் எழுதுங்கோ."

ஊராட்சிச் செயலர் நெளிந்தார். "அந்த வார்த்தையெல்லாம் தீர்மான நோட்டுல எழுத முடியாதும்மா. அசிங்கமா இருக்கும்."

"சொல்லலாம், எழுதக் கூடாதா சார்?"

செயலர் பேனாவைத் திருகிக்கொண்டே தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார். "உங்க ஆளுங்களும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி வரணும்மா" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் உருட்டினேன். உயிரைக் காப்பாற்றினவள் நான், செருப்பில்லாமல் ஓடினவள் நான், எனக்கா இந்த அவமானம்? நன்றி கெட்ட ஜென்மம் என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் ஆரம்பித்தது. ஏரிக்கரையிலிருந்து எவள் பிரசவத்துக்கு வந்தாலும் இவளும் கூட வருவாள். நடவு நாளானாலும் சரி, அறுப்பு நாளானாலும் சரி, கூலியை விட்டுவிட்டு வருவாள். பிரசவ அறை வாசற்படிக்கு ஒரு சாண் வெளியே நிற்பாள். நான் உள்ளே விடமாட்டேன். "டாக்டரக் கேக்கணும்" என்பேன். "கேளுங்கோ, நிக்கிறேன்" என்பாள். உள்ளே நான் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும் என்று எனக்குத் தெரியும். பேஜார்! வாய் வரைக்கும் வந்த வசனத்தை விழுங்கி விழுங்கி எனக்கு நெஞ்சுக்கரிப்பே வந்துவிடும் போலிருந்தது. தட்டில் தட்டப் போன கை பாதியில் நின்றுவிடும்.

ஒரு நாள் கேட்டாள்: "இந்தச் செவுத்துல ஒரு போர்டு கீதே நர்ஸம்மா, பீரோவுக்குப் பின்னால. அதுல இன்னா போட்டுக் கீது? எனக்கு எழுத்து தெரியாது. நீங்கோ படிங்கோ."

எனக்குத் தெரியும் அதில் என்ன போட்டிருக்கிறது என்று. பீரோவை அங்கே தள்ளி வைத்ததே நான்தான். எட்டிப் பார்த்துப் படித்தேன்: "பிரசவத்தின்போது தாய்க்குத் துணையாக ஒரு பெண் உடனிருக்கலாம்."

"இன்னொரு வாட்டி படிங்கோ."

படித்தேன்.

"போன வாரம் பெரிய வூட்டு மருமவளுக்கு அவங்கோ அம்மா உள்ள நின்னாங்கோ. செருப்ப வெளிய வுட்டுட்டுப் போனாங்கோ. நானும் வுட்டுட்டுத்தான் நிக்கிறேன்."

"அவங்க குளிச்சுட்டு வந்தாங்க" என்றேன். சொன்ன மறுநிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் ஒரு பெண்ணோடு வந்தபோது தலையில் ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். அன்றைக்கும் நான் உள்ளே விடவில்லை. பாவி, விடவில்லை.

பிறகு அவள் காஞ்சிபுரம் போய், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். மனு எழுதுகிறவரோடு பட்ட பாட்டை அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் வழக்கம்போல, "என்னை ஈவிரக்கமின்றிக் கொடுமைப்படுத்தி, நடுத்தெருவில் தள்ளி" என்று ஆரம்பித்தாராம். "நடுத்தெருவுல தள்ளல சார், வராண்டாவுல நடக்கச் சொன்னாங்கோ" என்று நிறுத்தியிருக்கிறாள். "இப்படி எழுதினாத்தாம்மா எடுபடும்" என்றாராம். "நடக்காதத எழுதினா நடந்ததும் பொய்யாப் பூடும்" என்று அடிக்கச் சொன்னாளாம். மூன்று தாள் கிழித்துப் போட்டு, கடைசியில் ஆறு வரியில் மனு முடிந்தது.

ஆறு வரிக்கு விசாரணை வந்தது. ஒரு சுகாதார அதிகாரி வந்து டாக்டர் அறையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் அவள். விசாரணைக்கு முதல் நாளே அடுத்த ஷிப்ட் பார்க்கிற சிஸ்டர் சொல்லிக் கொடுத்துவிட்டார்: "பதிவேட்டுல இருக்கறதையே சொல்லுங்கக்கா. அவகிட்ட இன்னா ஆதாரம் இருக்கு? வாய்ப்பேச்சுதான." எனக்கும் அதுதான் எண்ணம். வேலை போய்விட்டால் ஊரில் தலைகாட்ட முடியுமா?

"சொல்லும்மா" என்றார் அதிகாரி.

சொன்னாள். பத்து மணிக்கு நான் சொன்னது, பதினொன்றுக்குச் சொன்னது, பக்கத்துக் கட்டில் பெண்ணைச் சொன்னது, எல்லாம். நான் மறந்துபோனதுகூட இருந்தது. என் குரலையே எதிரே உட்கார்ந்து கேட்பது இருக்கிறதே, அந்தத் தண்டனையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒன்றுகூட இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் எழுதிக்கொண்டே வந்தார். வராண்டா வரைக்கும் வந்ததும், "சரி, போதும்" என்று பேனாவை வைத்தார்.

"இன்னும் கீது சார். அதையும் எழுதுங்கோ."

"என்ன?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவரைப் பார்த்தே சொன்னாள். ஆனால் குரல் மட்டும் மாறிவிட்டது. மூச்சு வாங்குகிற, உடைந்துபோன குரல். "கண்ண மூடாதடி. என்னப் பாரு. என்னப் பாருடி தங்கம். நான் வுட மாட்டேன் உன்ன, பாரு, என்னப் பாரு."

ஆம்புலன்ஸில் நான் சொன்னது. அப்படிச் சொன்னேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை.

"இத வழி நெடுக்க சொல்லிக்கினே வந்தாங்கோ சார். அதனாலதான் நான் கண்ண மூடல. இதுவும் அவங்க சொன்னதுதான், வுட்டுட்டா தப்பு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். "சிஸ்டர், பதிவேட்டுல 'வரும் வழியில் பிரசவம்'னு இருக்கே. அதுதானே நடந்தது?" ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவரே வழி வைத்துக் கேட்கிறார். பக்கத்தில் நின்ற சிஸ்டர் என் முழங்கையைக் கிள்ளினார்.

"இல்ல சார். அவ பத்து மணிக்கே வந்துட்டா. வந்துரும் போல இருக்குன்னு சொன்னா. கத்தலன்னு நான்தான் பாக்காம வெளிய அனுப்பினேன். பதிவேட்டுல பொய் எழுதினேன்."

மெமோ வந்தது. அது வரட்டும். அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, "நிலைய வராண்டாவில் பிரசவம்" என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் சந்தோஷப்படுவாள், ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுவாள் என்று வெளியே வந்து பார்த்தேன். வாசலில் நின்றிருந்தாள். "நர்ஸம்மா, எங்க தெருவுல ஒரு பொண்ணு கீறா. தலைச்சன். வர்ற மாசம் ஆவும். நீங்கோ இருப்பீங்கோ இல்ல?" என்று கேட்டாள். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன், அவளுக்கு வேண்டியது என் அழுகையா என்ன? அன்றைக்குச் சாயங்காலமே ஆயாம்மாவைக் கூப்பிட்டுப் பீரோவை நகர்த்தினேன். போர்டைத் துடைத்தேன்.

அந்தப் பெண் வந்தாள். பத்தொன்பது வயசு, செங்கல் சூளையிலிருந்து நேராக வந்த கை, நகக்கண்ணெல்லாம் செம்மண். இவளும் வந்தாள். வழக்கம்போல வாசற்படிக்கு ஒரு சாண் வெளியே நின்றாள்.

"உள்ள வா" என்றேன்.

நம்பவில்லை. போர்டைப் பார்த்தாள், பீரோ இருந்த இடத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அந்தப் பெண்ணின் தலைமாட்டில் நின்றாள். நேரம் ஆக ஆகப் பார்த்தால், அந்தப் பெண் வழக்கம்போலத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டுவிட்டாள். நான் சோதித்துப் பார்த்தேன். வலி நன்றாக ஏறிவிட்டது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கால் விரலப் பாருங்கோ நர்ஸம்மா, எப்பிடி மடக்கிக்கினு கீறா" என்றாள் இவள். பார்த்தேன். பத்து விரலும் உள்ளங்காலில் போய்ப் புதைந்திருந்தன. இத்தனை வருஷத்தில் நான் ஏரிக்கரைப் பெண்களின் கால் விரலைப் பார்த்ததே இல்லை.

தலைப்பை வாயிலிருந்து உருவினாள். "கத்துடி. நான் கீறேன் இல்ல, கத்து." அந்தப் பெண் என்னைப் பார்த்துப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். எத்தனை சொல்லியும் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பழக்கிவிட்டோமே, எங்கிருந்து திறக்கும்?

அப்போது இவள் ஒரு காரியம் செய்தாள். தான் பெற்றபோது மூச்சுக்கூடச் சத்தமாக விடாதவள், தலையை நிமிர்த்திக்கொண்டு, "ஐயோ! ஐயோ அம்மா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். ஆயாம்மா கையிலிருந்த பக்கெட் விழுந்தது. வராண்டாவில் சீட்டுக்கு நின்றவர்கள் எல்லாம் கதவுப் பக்கம் ஓடிவந்தார்கள். கட்டிலில் இருந்த பெண் திகைத்துப்போய்ப் பார்த்தாள், அடுத்த வலி வந்தது, அவளும் கத்தினாள். முதல் தடவை கீச்சென்று வந்தது. இரண்டாவது நன்றாகவே வந்தது.

இவள் கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கடைக்காரரைப் பார்த்த அதே பார்வை. என்ன சொல்லப்போகிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். என் கையில் கத்தரி இருந்தது. பழக்கதோஷம், தட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். வாய் தானாகத் திறந்தது. நல்லவேளை, வந்தது வேறு.

சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளை பிறந்தான். நன்றாக இருந்தான். தாயும் நன்றாக இருந்தாள். இவள் குழந்தையை வாங்கித் துடைத்து, தாயின் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

காந்தி ஜெயந்திக்கு மறுபடியும் கிராம சபை. அதே மைதானம், அதே ஷாமியானா, அதே பிளாஸ்டிக் நாற்காலி. இந்தத் தடவை நான் மோரைத் தொடவே இல்லை. எல்லாம் முடிகிற நேரத்தில் எழுந்து வந்தாள். மைக்கை வாங்கினாள். டொக், டொக். மைதானம் கப்பென்று அடங்கிவிட்டது. எதை எடுக்கப்போகிறாளோ, அவளிடம்தான் மூட்டையாக இருக்கிறதே.

"கத்துடி. எவ்ளோ வேணா கத்து. யாருனா கேட்டா நான் சொல்லிக்கிறேன். ம்ம்?"

என் குரல். என் இழுவை. கடைசி "ம்ம்" வரைக்கும் என்னுடையது. பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது, அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். செயலர் பேனாவோடு நிமிர்ந்தார். "இதையும் எழுதணுமாம்மா?"

"எழுதுங்கோ சார். ஆனா நர்ஸம்மா ஒரு வாட்டிதான் சொன்னாங்கோ. தெனம் சொல்லணும்னு எழுதுங்கோ. எந்த வூட்டுப் பொண்ணு வந்தாலும் கூட ஒருத்தி உள்ள நிக்கணும்னு எழுதுங்கோ. அவங்கோ மாத்தலாகிப் போனாலும் அடுத்தது வர்றவங்க இதையே சொல்லணும்னு எழுதுங்கோ."

செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றேன்.

எழுதினார். அவள் அந்தத் தீர்மான நோட்டை அவர் கையிலிருந்து வாங்கி நேராக என்னிடம் கொண்டுவந்தாள். நான் கையெழுத்துப் போடத்தான் என்று பேனாவைத் தேடினேன்.

"அப்பால போடலாம் நர்ஸம்மா. எனக்கு எழுத்து தெரியாது. சொன்னத அப்பிடியே எழுதிக்கீறாரான்னு படிங்கோ" என்றாள். படிக்க வாயெடுத்தேன். அவள் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல படிங்கோ."